பின்வார் செருப்போடு கிள்ளான்வரை

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பல்கலைக்கழகத்து டாக்டர் யாமினி. என் தங்கை செல்வியின் கணவர் குணசேகரன். அவர் வேலை செய்யும் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ரோஸ்லி. நான்காவது நான், பழனிவேல். கரூர் மாவட்டத்தில் க. பரமத்திக்குப் பக்கம் கல்குவாரியில் இருபத்திரண்டு வருடமாகப் பொக்லைன் ஓட்டுகிறவன். ஆட்களைத் தவிர ஒரு பொக்லைன் சீட்டும் இருந்தது. சீட் மட்டும்தான். அதற்கு வண்டி இல்லை. ஆறு இரும்புக் கால்கள் தாங்கும் ஒரு மேடையின்மேல், குளிர்சாதன அறையில், நீலக் கம்பளத்துக்கு நடுவில் அது நின்றது.

இப்படிப் பெயர்களை எழுதிவைத்துக்கொள்வது எனக்குப் பழகிவிட்டது. குவாரியில் ஏதாவது ஆகிவிட்டால் முதலில் கேட்பது யார் யார் இருந்தார்கள் என்றுதான். வெளிநாடு என்பதால் பாஸ்போர்ட் நகலின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

நான் மலேசியாவில் இறங்கியது அதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை. வந்த காரணத்தை முதலாளியிடம் மாற்றிச் சொல்லியிருந்தேன். தங்கச்சி மகளுக்குச் சீர், தாய்மாமன் போகாமல் முடியாது என்றேன். அவர் பத்து நாள் விடுப்பும் கொடுத்து, சீருக்கு ஐந்நூறு ரூபாயும் கொடுத்தார். செல்விக்கு இரண்டும் பையன்கள். விமானத்தில் ஏறியதிலிருந்து அந்த ஐந்நூறு ரூபாய் என் சட்டைப் பையில் சுட்டுக்கொண்டே இருந்தது.

புறப்படும்போது விமான நிலையத்துச் சோதனையில் எல்லோரும் காலை உதறிச் செருப்பைக் கழற்றினார்கள். நான் குனிந்து பக்கிளை அவிழ்த்தேன். என்னுடையது குதிகாலைச் சுற்றிப் பின்வார் வைத்துத் தைத்த செருப்பு. கரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உட்காரும் ஒருவரிடம் சொல்லித் தைத்தது. எனக்குப் பின்னால் நின்றவர்களின் பெருமூச்சு பிடரியில் பட்டது. மலேசியாவில் குடிநுழைவு அதிகாரி ஏதாவது கேட்டால் சொல்ல நான்கு பதில்களை மனப்பாடம் செய்திருந்தேன். அவர் எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார். ஏன் கேட்கவில்லை என்ற கவலை செல்வி இருக்கும் கிள்ளான் போகும்வரை தீரவில்லை.

குணா வாடகைக் காரோடு வந்திருந்தார். இங்கே காரைக் காடி என்கிறார்கள். முன் சீட்டைப் பின்னால் சாய்த்து, இடுப்புக்கு ஒரு தலையணை வைத்து, பாதி படுத்தபடி வந்தார். சாலையின் இருபக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள், நடுநடுவே சிவப்பு மண்ணைக் கீறிக்கொண்டிருக்கும் வண்டிகள். இருபத்தொன்றுவரை எண்ணினேன். ஓட்டுநர் தமிழர்தான். "அண்ணே, எல்லாரும் ட்வின் டவரத்தான் எண்ணுவாங்க, அது ரெண்டுதான்" என்றார். பொக்லைனுக்கு இங்கே மலாயில் ஜெங்காவுட் என்று பெயர் என்றும் சொல்லித் தந்தார்.

செல்வியின் வீடு கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில். மின்தூக்கி வேலை செய்யவில்லை. குணா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், அவர் இடது காலில் செருப்பு இல்லை. இரண்டாம் மாடிப் படியில் கிடந்தது. செல்வி இறங்கிப் போய் எடுத்துவந்து அவர் முன்னால் போட்டாள்.

"இவருக்குச் செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாதுண்ணா. ரயில்ல விடுவாரு, கோயில்ல விடுவாரு. புத்தி எங்கயோ லா."

குணா சிரித்தார். நான் குனிந்து என் செருப்பின் பக்கிளை அவிழ்க்க ஆரம்பித்தேன். அதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை. காலையில் செல்வி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். பதினெட்டு வருடத்தில் அவள் பேச்சில் கரூர் பாதி கரைந்துவிட்டது, இந்த ஊர்க்காரர்கள் மாதிரி முடிவில் ஒரு லா வேறு. காலை உணவுக்குக் கீழே கடையில் ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் ஒல்லியான தம்பி, பருப்புக் குழம்போடு வருகிறது. தேநீரைத் தூக்கி ஆற்றுவதில் நம் ஆட்களைத் தோற்கடிக்கிறார்கள். ஆனால் தேயிலையைவிடக் கட்டிப்பால் அதிகம். ஒரு குவளை குடித்துவிட்டு, எனக்குச் சர்க்கரை வந்துவிடுமோ என்று மத்தியானம்வரை யோசித்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்ததும் செல்வி கம்பெனிக் கடிதத்தை எடுத்துவந்து படித்துக் காட்டினாள். குணா ஓட்டுவது பொக்லைனில் வாளிக்குப் பதிலாகப் பிரேக்கர் மாட்டிய வண்டி. பெரிய இரும்பு உளி பாறையை இடித்துக்கொண்டே இருக்கும். நானும் அதைத்தான் ஓட்டுகிறேன், அதனால் அந்த உதறலை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நான்கு மாதமாக இடுப்பு வலியால் வீட்டில் இருக்கிறார். கம்பெனி மருத்துவர் அது வயதால் வரும் வலி என்று எழுதிவிட்டார். வரும் திங்கட்கிழமை மறுபடியும் பிரேக்கர் வண்டியில் ஏற வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுப் போகலாம். கடிதம் சொன்னது அவ்வளவுதான்.

குணா பிடித்த ஒரே வழி டாக்டர் யாமினி. பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் உடம்பில் எவ்வளவு ஆட்டம் ஏறுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். குணாவின் வண்டியின் உதறலை ஒருநாள் முழுக்கப் பதிவு செய்து எடுத்துப்போயிருந்தார். அந்த உதறலை அப்படியே மேடையில் ஓட்டிக் காட்டுவாராம். கண்ணில் ஒரு பெட்டிக் கண்ணாடி மாட்டினால் குவாரியும் தெரியுமாம். மெய்நிகர் என்று பத்திரிகையில் போடுகிறார்களே, அது. உட்கார்ந்து பார்க்க இருபது வருடம் பிரேக்கர் ஓட்டிய ஆள் வேண்டும். உள்ளூர் ஆட்கள் கம்பெனிக்குப் பயந்து வரவில்லை. குணாவை உட்காரக்கூடாது என்று அவருடைய சொந்த மருத்துவர் தடுத்திருந்தார். அதனால் நான். ரோஸ்லி ஒன்றை ஒத்துக்கொண்டிருந்தார்: அனுபவப்பட்ட ஆளின் உடம்பில் ஆட்டம் ஆபத்து எல்லையான சிவப்புக் கோட்டுக்கு மேல் போனால், குணாவைப் பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் வாய்க்கால் வெட்டும் வாளி வண்டிக்கு மாற்றச் சொல்லி எழுதுவார். போகவில்லை என்றால் திங்கட்கிழமை பிரேக்கர்தான்.

குணா குளிக்கப் போனபோது செல்வி சொன்னாள்: "இன்னொருக்கா அதுல உட்கார்ந்தா இவரு எந்திரிக்க மாட்டாருண்ணா. நீங்க சும்மா போய் உட்கார்ந்தாப் போதும். வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

சும்மா உட்காருவது சுலபம் என்று நானும் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை கிள்ளான் ரயில் நிலையத்தில் முதல் தவறு. கூட்டத்தில் குணா ஒரு பெட்டியில் ஏறிவிட்டார். கதவு மூடப் போகிறது என்று நான் எதிரில் இருந்த பெட்டியில் பாய்ந்தேன். உள்ளே எல்லாம் இளஞ்சிவப்பு. எல்லோரும் பெண்கள். ஓர் அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், இது லேடீஸ் கோச் லா." நம்மூர் என்றால் அடுத்த நிலையம் வருவதற்குள் என் பரம்பரையே தெரிந்திருக்கும். இங்கே யாரும் திட்டவில்லை. ஒரு பெண் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கதவைப் பார்த்துத் திரும்பி நின்று, கேமராவில் என் முகம் பதிவாகியிருக்குமா என்று யோசித்தபடியே போனேன். அடுத்த நிலையத்தில் இறங்கி ஓடிப் பக்கத்துப் பெட்டியில் ஏறினேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் முதலில் ஒரு படிவம். யாமினிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்தவர்களாம். ஆமாம் என்பதற்கு ஓம் என்பார், மற்றபடி எங்கள் செல்வி பேசுகிற தமிழ்தான். கேள்விகளைத் தமிழில் படித்தார். வந்துபோவதற்கு நூற்றிருபது வெள்ளி தருவார்கள் என்றதும் எனக்கு வியர்த்தது. இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். சுற்றுலா விசாவில் வந்தவன் காசு வாங்கினால் வேலை செய்ததாக ஆகாதா என்று கேட்டேன்.

"ரிலேக்ஸ் லா அங்கிள். சம்பளம் இல்ல இது, பஸ் காசு மாதிரி" என்றார் யாமினி.

அடுத்த கேள்வி, கை கால் மரத்துப்போவது உண்டா என்பது. ரோஸ்லி பக்கத்திலேயே நின்றார். "இல்லீங்க" என்றேன். அந்தக் கேள்விக்குப் பல வருடமாக அதே பதிலைத்தான் சொல்லிவருகிறேன். உண்மை என்னவென்றால் என் இடது காலில் மூன்று விரல்கள் இருப்பதே எனக்குத் தெரிவதில்லை. பின்வார் இல்லாவிட்டால் செருப்பு எங்கே போனது என்று தேட வேண்டும். எங்கள் பக்கம் கால் மரத்துப்போகிறது என்று ஓர் ஆப்பரேட்டர் சொன்னால், மறுநாள் அவன் வண்டியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

சீட்டின்மேல் ஊத்தப்பம் அளவில் ஒரு கறுப்பு ரப்பர் தட்டு வைத்தார்கள். உடம்பில் ஏறும் ஆட்டத்தை அதுதான் அளக்கும். முதலில் கண்ணாடி இல்லாமல். மேடை உதற ஆரம்பித்தது. பிரேக்கரின் உதறலேதான், சந்தேகமில்லை. சத்தமும் பாறையும் இல்லாததால், மோசமான ரோட்டில் டவுன் பஸ்ஸில் போவதுபோல உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் திரையில் ஒரு கோடு சிவப்புக்குள் ஏறி நின்றது. குணா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

பிறகு கண்ணாடி. அறை போய்விட்டது. எதிரே பாறை, வெயில், தூரத்தில் ஒரு டிப்பர். என் கைகள் இருக்கும் இடத்தில் யாருடையவோ வெள்ளைக் கையுறைகள். தூசி பறந்தது, ஆனால் வாயில் படவில்லை. காலையில் தின்ற ரொட்டி தொண்டைவரை வந்து யோசித்துவிட்டுக் கீழே போனது. இரண்டு நெம்புகோலையும் பிடித்து உளியைப் பாறைமேல் வைத்தேன். மேடை உதறியது. அதே உதறல், அதே நேர அளவு. பாறையில் வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து உடைத்தேன். எனக்கே நான் நன்றாக ஓட்டியதாகத்தான் பட்டது.

கண்ணாடியைக் கழற்றினேன். திரையில் கோடு பாதிக்கு இறங்கி, மஞ்சளில் கிடந்தது.

யாமினி ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். எதிலும் குறையில்லை. ரோஸ்லி மலாயில் சொன்னதைக் குணாதான் எனக்குச் சொன்னார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு: வேலை தெரிந்த ஆள் வேலையைப் பார்த்து உட்கார்ந்தால் ஆட்டம் பாதியாகிறது, அப்படியென்றால் வண்டியில் குறையில்லை, உட்காருகிற விதத்தில்தான் குறை.

விதிப்படி இரண்டு தடவை செய்ய வேண்டும், சனிக்கிழமை மறுபடி வாருங்கள் என்றார் யாமினி. ரோஸ்லியும் வருவதாகச் சொன்னார்.

திரும்பும் ரயிலில் குணா என்னை விட்டு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார். கிள்ளான் நிலையத்தில் இறங்கியபோது அவர் செருப்பு மறுபடியும் பெட்டியிலேயே நின்றுவிட்டது. கதவு மூடுவதற்குள் நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டில் செல்வி என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, இன்னும் ஒரு தடவை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நான் வராமல் இருந்திருந்தால் மாப்பிள்ளைக்கு ஒரு சந்தேகத்தின் பலனாவது கிடைத்திருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை குணாவின் சொந்த மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கப் பிரிக்பீல்ட்ஸ் என்ற தமிழர் பகுதிக்குப் போனோம். அவர் உள்ளே காத்திருந்தார். என்னால் உட்கார முடியவில்லை, தெருவுக்கு வந்தேன். சேலைக் கடைகள், பூக்கட்டுகிறவர்கள், ஒரு கோயில், நாலு கட்டடம் தள்ளி ஒரு தேவாலயம், தலைக்கு மேல் மோனோரயில். கடைப் பாட்டுச் சத்தத்தில் ஒரு நிமிடம் கரூர் ஜவஹர் கடைவீதி மாதிரிகூட இருந்தது. ஆனால் இங்கே சாலையைக் கடக்க நின்றால் கார்கள் நின்றுவிடுகின்றன. அவர்கள் நிற்பதைப் பார்த்து நானும் நிற்க, இரண்டு தடவை யாருமே போகவில்லை.

மூலையில் கழிவுநீர்க் குழாய்க்காகப் பழைய கான்கிரீட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன பிரேக்கர் வண்டி. வேலி ஓரமாக நின்று ஓட்டுகிறவரைப் பார்த்தேன். எங்கே போனாலும் இந்த வண்டி நின்றால் நான் பார்ப்பது உளியைத்தான். அன்றைக்கு ஏனோ ஆளைப் பார்த்தேன்.

உளி கான்கிரீட்டைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்தார். ஒரு விரல் அளவுதான் இருக்கும். குதிகால்களைத் தரையில் ஊன்றி, முழங்காலை இறுக்கி, உடம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உளி நின்றதும் உட்கார்ந்தார். மறுபடி உளி இறங்கியது, மறுபடி எழுந்தார்.

என் செருப்புக்குள் என் காலும் இறுகுவதை அப்போது கவனித்தேன். நானும் அப்படித்தான் செய்கிறேன். எங்கள் குவாரியில் எல்லோரும் அப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. கண்ணாடி இல்லாதபோது எதிரே பாறை இல்லை, அதனால் மூட்டை மாதிரி உட்கார்ந்தேன். பாறை தெரிந்ததும் உடம்பு தானாக எழுந்துகொண்டது. சீட்டில் இருந்த தட்டு பாதி நேரம் காற்றைத்தான் அளந்திருக்கிறது. ஆட்டம் குறையவில்லை, கால் வழியாக ஏறியிருக்கிறது.

வண்டிக்காரர் தேநீருக்கு இறங்கினார். வங்காளதேசத்துக்காரர். எங்கள் குவாரியில் பீகார் ஆட்களோடு பழகிய அரைகுறை இந்தியில் கேட்டேன், கால் விரல் மரத்துப்போகுமா என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் காலைக் காட்டிச் சிரித்தார். "பூட்ஸ் போட்டிருக்கிறேன், கயிறு கட்டியிருக்கிறேன். கழன்று போகாது" என்றார். நான் செருப்பைப் பற்றி அவரிடம் எதுவுமே சொல்லவில்லை.

மத்தியானம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. சோறு, மூன்று காய், பொரித்த பாகற்காய், அப்பளம், குழம்பு வாளிகளோடு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நம் கடைகளைவிடக் காரம் கம்மி, உபசரிப்பு அதிகம். பார்த்ததைக் குணாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"மாப்பிள்ளை, செருப்பு கழண்டா உங்களுக்குத் தெரியுதுங்களா?"

அவர் கை இலையில் நின்றது. சுற்றிலும் பார்த்தார்.

"செல்விக்குத் தெரியாது, மச்சான்."

"எங்க வீட்லயும் தெரியாதுங்க."

அவருக்கும் இடது கால்தான். இடுப்பு வலி எல்லோருக்கும் வரும், சொல்லலாம். கால் மரத்தது என்று சொன்னால் பிரேக்கர் மட்டும் போகாது, வாளி வண்டியும் போகும், எந்த வண்டியிலும் ஏற்ற மாட்டார்கள் என்றார். நான் சொல்ல வேண்டியதை என் காலை வைத்து மட்டும் சொல்லிக்கொள்கிறேன், உங்கள் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் இலையை மடித்தார். கை கழுவும் இடத்தில், "உங்க காலப் பத்தி ஊர்ல தெரிஞ்சா?" என்று கேட்டார். வந்ததிலிருந்து நான் யோசிக்காத ஒரே கவலை அதுதான். அதற்கப்புறம் அதை மட்டுமே யோசித்தேன்.

சனிக்கிழமை, அதே அறை, அதே நான்கு பேர். கால் வைக்கும் தகட்டிலும் ஒரு தட்டு வைக்க முடியுமா என்று யாமினியிடம் கேட்டேன். ஏன் என்றார். வெள்ளிக்கிழமை பார்த்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வேறொன்றும் கேட்காமல் இரண்டாவது தட்டை எடுத்துவந்தார்.

கண்ணாடி, பாறை, உதறல். இந்தத் தடவை நான் என்னையே கவனித்தேன். உளி இறங்கும்போது எழாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. முடிந்ததும் திரையில் இரண்டு கோடுகள். சீட்டுக் கோடு மஞ்சளில். கால் கோடு சிவப்பைத் தாண்டி மேலே.

"ஓம்," என்றார் யாமினி தனக்குத்தானே. "இதுக்குத்தான் கண்ணாடி. வெறும் சீட்ல உட்காரவச்சா எல்லாரும் பேசெஞ்சர். பாறையக் காட்டினாத்தான் ஆப்பரேட்டர்."

ரோஸ்லி கெட்டவர் இல்லை, ஆனால் வேலையில் கெட்டி. அவர் மேசைக்குப் போய் என் படிவத்தை எடுத்துவந்தார். யாமினி மொழிபெயர்த்தார்: "இவ்வளவு ஆட்டம் கால் வழியா இருபது வருஷம் ஏறியிருந்தா கால் கெட்டிருக்கணுமே. இவர் ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கார். ஒண்ணு இந்தக் கோடு பொய், இல்ல இந்தக் காகிதம் பொய்."

நான் குணாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"காகிதந்தானுங்க பொய்" என்றேன்.

இரண்டு செருப்பின் பக்கிளையும் அவிழ்த்துக் கால்களை மேடை விளிம்பில் வைத்தேன். ரோஸ்லி என்னைக் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொள்ளச் சொன்னார். பேனாவால் எங்கே தொடுகிறார் என்று பார்க்காமல் சொல்ல வேண்டுமாம். போட்டுக்கொண்டேன். எதிரே ஆள் இல்லாத குவாரி, வெயில், நகராத டிப்பர். வலது காலில் பேனா முனை பட்டதெல்லாம் சொன்னேன். பிறகு நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். என் இடது காலின் மூன்று விரல்களிலும் நீல மைப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து. ரோஸ்லி முட்டி போட்டபடி பேனாவைக் கையில் வைத்திருந்தார். மலாயில் மன்னிப்புக் கேட்டு, கடைசியில் "அண்ணே" என்றார். அண்ணே என்ற வார்த்தை அவருக்குத் தமிழிலேயே தெரிந்திருந்தது.

பிறகு அவர் எழுந்து குணாவைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் நடுவில் புகுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குணா நாற்காலியில் உட்கார்ந்து இடது செருப்பைக் கழற்றிவிட்டார்.

"எனக்கு நாலு வெரல்" என்றார்.

ரோஸ்லி வெளியே போய்க் கைப்பேசியில் நெடுநேரம் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் நடப்பதுதான் தெரிந்தது. நான் பாஸ்போர்ட் நகலை எடுத்துப் பெயர்களுக்குக் கீழே நேரத்தைக் குறித்தேன், கைக்கு வேறு வேலை இல்லாததால். வெளியே மத்தியான மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வந்த ரோஸ்லி சொன்னதை யாமினி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். திங்கட்கிழமை பிரேக்கர் கிடையாது. இனியும் கிடையாது. ஆனால் நரம்பு மருத்துவர் பார்த்து எழுதும்வரை வாளி வண்டியும் கிடையாது. அதுவரை பந்திங்கில் வாய்க்கால் வெட்டும் வண்டிக்குக் கீழே நின்று கைகாட்டும் வேலை. சம்பளம் குறையும். வேலை போகாது. யாமினி தன் அறிக்கையில் குணாவின் வண்டியைப் பற்றிக் கால் கோட்டையும் சேர்த்து எழுதுவார்.

குணா அதற்கான காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சந்தோஷமா வருத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரயிலில் என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை செல்வியிடம் சொன்னோம். அவள் அழுவாள் என்று இருவரும் பயந்திருந்தோம். "எத்தன வருஷமா?" என்று மட்டும் கேட்டாள். ஏழு என்றார் குணா. என் பக்கம் திரும்பினாள். நான் ஒன்பது என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து, பின்வார் வைத்த ஆண்கள் செருப்பு ஒரு ஜோடியோடு வந்தாள். அவரை உட்காரவைத்துத் தன் கையாலேயே மாட்டி, வாரை இறுக்கினாள். "இத்தன நாளா உங்க புத்தியத்தான் லா திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். முதலாளி கொடுத்த ஐந்நூறு ரூபாயை அன்றுதான் அவள் பையன்களிடம் கொடுத்தேன், மாமன் சீர் என்று சொல்லி.

திங்கட்கிழமை விடியும்போது குணா கைகாட்டும் வேலைக்குக் கிளம்பினார். கம்பெனி கொடுத்த பச்சை மேல்சட்டை, புதுச் செருப்பு. வேலை நடக்கும் இடத்தில் பூட்ஸ் தருவார்களாம். நான்கு மாடியும் நிற்காமல் இறங்கினார் என்று எழுத ஆசைதான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார்.

என் கணக்கு ஒன்று மட்டும் பாக்கி. பொய்ப் பதில் எழுதியதால் என் இரண்டு நாள் பதிவுகளையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள், குணாவின் வண்டியைப் பற்றிய அறிக்கை மட்டும் மாறவில்லை. அப்படி இடையில் நீக்கப்பட்டவர்களுக்குப் பாதிப் பணம் உண்டாம். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. நீக்கப்பட்ட காரணம் என்ற இடத்தில் கால் நரம்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வங்கிக் கணக்கு எண்ணோடு அனுப்ப வேண்டும். எனக்கு இருப்பது குவாரியில் திறந்து கொடுத்த சம்பளக் கணக்குதான், அதன் பாஸ்புக் கணக்கரிடம் இருக்கிறது. மலேசியாவிலிருந்து பணம் வந்தால் எதற்கு என்று கேட்பார். யாமினி இரண்டு தடவை செய்தி அனுப்பிவிட்டார். முதல் தடவை பணத்தைப் பற்றி, இரண்டாம் தடவை கரூரில் நரம்பு மருத்துவரைப் பார்த்தேனா என்று.

ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பிரேக்கர் வண்டியில்தான் இருக்கிறேன். உளி இறங்கும்போது இப்போது எண்ணுகிறேன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுகிறேன் என்று. மத்தியானத்துக்குள் எண்ணிக்கை தவறிவிடுகிறது. நிரப்பாத படிவம் சீட்டுக்குப் பின்னால், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் எனக்குத் தரவேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது. அறுபது வெள்ளி.